திருகோணமலையில் ஒரு மங்கிய கோடு

கந்தளாய்க்குச் சற்று முன்னால் பேருந்து நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து இருக்கை அம்மாள் எனக்காகத் தமிழில் சொன்னார்: "பத்து நிமிசமாம்." அரை மணி நேரம் கழித்து நடத்துநர் மறுபடி வாய் திறந்தார். "இன்னும் பத்து நிமிசமாம்." மூன்றாவது முறை அந்த அம்மாள் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்து நீட்டினார்.

வெள்ளரியைத் தின்றுகொண்டே மடியில் இருந்த தெர்மோகோல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் ஈரமாகியிருந்தது. உள்ளே பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே ஐம்பது டைஃபாய்டு பரிசோதனை கிட்டுகள். சென்னையிலிருந்து அவற்றைக் குழந்தையைப் போலத் தூக்கி வந்திருந்தேன். என் கழுத்து வலிக்கு யாரும் பனிக்கட்டி வைக்கவில்லை.

இந்தக் கிட்டுகளைத் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து புகார் வந்திருந்தது. கிட் கண்டபடி 'பாசிட்டிவ்' காட்டுகிறது, யாராவது வந்து பாருங்கள் என்று. போக வேண்டிய இளைஞரின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. "தமிழ் பேசுற ஊர்தானே மேடம், உங்களுக்கு ஈஸி," என்றார் மேலாளர். அவர் எனக்கு ஈஸி என்று சொன்ன எதுவும் இதுவரை ஈஸியாக இருந்ததில்லை.

திருகோணமலையில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. பேருந்து நிலையத்தின் ஓரத்தில் நான்கு புள்ளிமான்கள் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தின் உறையை இழுத்துக்கொண்டிருந்தன. யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மாடுகள் செய்கிற வேலையை இங்கே மான்கள் செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆய்வுக்கூடம் மீன்வலை விற்கும் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் இருந்தது. ஜன்னல் வழியே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. மலைகள் சுற்றி நிற்க, நடுவில் தண்ணீர் குளம்போல அசையாமல் கிடந்தது. ஆய்வுக்கூடத்தை நடத்துபவர் ரிஸ்வான். கிண்ணியாக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்தால் மாலைவரை தனி ஆளாக இரத்தம் எடுப்பது, பார்ப்பது, அறிக்கை அடிப்பது எல்லாம் அவரே.

"வாங்க மிஸ். பஸ் பழுதாப் போச்சாமே. முதல்ல ஒரு பிளேன்டி குடிங்க, பொறகு என்னை ஏசலாம்," என்றார்.

பால் இல்லாத அந்தத் தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். குடித்தபின் எனக்கு ஏசத் தோன்றவில்லை.

கிட்டுகள் இருந்த இடத்தைப் பார்த்ததும் பாதிப் புகார் புரிந்துவிட்டது. மாடிப்படிக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே, ஒரு அலுமாரி. என் வெப்பமானியை உள்ளே வைத்து எடுத்தேன். பெட்டியில் அச்சிட்டிருந்த எல்லையை அது எப்போதோ தாண்டியிருந்தது. "ஃபிரிட்ஜ் சின்னது மிஸ். எல்லாத்தையும் அதுக்குள்ள வைக்க ஏலா," என்றார் ரிஸ்வான். மறுபாதி, அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது தெரிந்தது. ஐந்து பேரின் கிட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு அடுத்தவரிடம் இரத்தம் எடுக்கப் போவார். திரும்பி வந்து கோடுகளைப் பார்க்க அரை மணி ஆகிவிடும். பதினைந்து நிமிடத்தில் பார்க்க வேண்டிய பரிசோதனை அது. நேரம் கடந்தால் இல்லாத இடத்தில்கூட ஒரு நிழல்கோடு ஊறி வரும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டில் ஒரு காகிதப் பட்டை. அதில் ஒரு சொட்டு இரத்தநீர் விட்டால் கோடுகள் வரும். முதல் கோடு, கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு. 'எம்' கோடு வந்தால் புதிதாகத் தொற்று வந்திருக்கலாம். 'ஜி' கோடு வந்தால் எப்போதோ வந்துபோயிருக்கலாம், இப்போதும் இருக்கலாம். இது கிருமியைப் பார்ப்பதே இல்லை. கிருமியோடு உடம்பு போட்ட சண்டையின் தழும்பைத்தான் பார்க்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதி இல்லாத ஊர்களில், காய்ச்சலோடு கிடப்பவருக்கு ஏதோ ஒரு துப்புக் கிடைக்கட்டும் என்று செய்தது. இருபத்தாறு வருடமாக இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் படியேறி வந்து வாசலில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நன்றாகத் துவைத்த சேலை, கையில் மடித்த ஒரு காகிதம்.

"இவங்க தவமணியக்கா. லிங்கநகர். இதோட நாலாவது தரம் வாறாங்க," என்றார் ரிஸ்வான் என்னிடம் மெதுவாக.

தவமணி ஒரு துறைமுக ஒப்பந்தக்காரரின் சமையற்கூடத்தில் தொழிலாளர்களுக்கு இடியப்பமும் புட்டும் அவித்தவர். இரண்டு தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டைஃபாய்டு என்றார்கள். சமைக்கிற எல்லோரும் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. தவமணிக்கு மட்டும் கோடு வந்தது. வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. கையில் வைத்திருந்த காகிதத்தில் ஒரே ஒரு சொல், பெரிய எழுத்தில்: பொசிட்டிவ்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை மிஸ். ஒரு தலையிடி கூட இல்லை," என்றார். "வீட்டிலயும் இடியப்பம் அவிச்சுக் குடுத்தனான். இப்ப ஒரு சனம் வாங்கிறேல்லை. வாசலால போகேக்க மூக்கைப் பொத்திக்கொண்டு போகுதுகள். காய்ச்சல் மணக்குமே?"

நான் கொண்டுவந்த கிட்டில் ஒன்றை எடுத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதல் கோடு அழுத்தமாக வந்தது. 'எம்' இடத்தில் எதுவும் இல்லை. 'ஜி' இடத்தில், பென்சிலால் கிழித்து அழித்ததுபோல, மங்கலாக ஒரு கோடு. ஆக, கெட்டுப்போன கிட் அல்ல, நேரம் தவறிப் பார்த்ததும் அல்ல. கோடு உண்மையாகவே இருக்கிறது.

"உங்களுக்கு முன்னாடி எப்பவாவது டைஃபாய்டு வந்திருக்காம்மா?"

"அதென்ன மிஸ்?"

"நெருப்புக்காய்ச்சல்," என்றார் ரிஸ்வான்.

"ஓம், வந்தது. கிளிவெட்டியில தங்கச்சி வீட்ட நிண்டனான், வெள்ளாமை வெட்டுற நேரம். மூண்டு கிழமை எழும்ப ஏலாமல் கிடந்தனான். ரெண்டு வருசம் இருக்கும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழைய காய்ச்சலின் தழும்பு. கதை முடிந்தது. நிமிர்ந்தபோதுதான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாள் கண்ணில் பட்டது. எங்கள் நிறுவனத்தினுடையது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சமையற்காரர் சிரித்துக்கொண்டிருக்க, கீழே 'உணவகப் பணியாளர்களைப் பரிசோதிக்கவும் ஏற்றது' என்று இருந்தது. ஏற்றது அல்ல. அந்தத் தாள் அச்சுக்குப் போகும்முன் என் மேசைக்கும் வந்தது. நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அந்தக் குற்றவுணர்விலா, பயணக் களைப்பிலா தெரியவில்லை, தவமணியின் கையைப் பிடித்துச் சொன்னேன்: "உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா. இது பழைய கோடு. நான் சொல்றேன்."

அவர் அழுதுவிட்டார்.

மறுநாள் காலை ரிஸ்வானும் நானும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்க்கப் போனோம். மெலிந்த, நிதானமான மனிதர். தவமணியின் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோட்டைப் பாத்து அவவை நிப்பாட்டச் சொல்ல எனக்கு ஏலாது. இதைப் பாத்து வேலைக்குச் சேருங்கோ எண்டும் சொல்ல ஏலாது. மலத்தைக் குடுக்கச் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியில வளத்துப் பாக்கட்டும். அதுதான் கதை," என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். இருபத்தாறு வருட அனுபவக்காரி நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அது.

மாதிரியை ரிஸ்வானிடம் கொடுக்கத் தவமணிக்கு வெட்கம். அதனால் அடுத்த நாள் காலை நானே லிங்கநகர் போனேன். சிறிய கல்வீடு, முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கணவர் கடலுக்குப் போயிருந்தார். நான் வருகிறேன் என்று குசினியில் விடியற்காலையே வேலை நடந்திருக்கிறது. சிவப்பரிசி மாவு இடியப்பம், மஞ்சள் நிறத்தில் சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கேட்பேன். இங்கே அப்படிக் கேட்டால் காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

வேலிக்கு அப்பால் மூன்று பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் முன்வீட்டு அக்கா என்று தவமணி சொன்னார். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். எனக்கு ஒரு வீராப்பு வந்தது. கதிரையைத் தூக்கி முற்றத்தில், அவர்கள் கண்ணுக்கு நேராகப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஐந்து இடியப்பம். சம்பலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

"நீங்கள் ஆர்?" என்று முன்வீட்டு அக்கா கேட்டார்.

"இந்த டெஸ்ட்டைச் செய்யற கம்பெனியிலேர்ந்து வரேன். இவங்களுக்கு ஒண்ணும் இல்லை. இருந்தா நான் சாப்பிடுவேனா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவமணி வாசற்படியில் நிமிர்ந்து நின்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் அப்படி நின்றிருக்க மாட்டார் என்று தோன்றியது. எனக்கும் என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

மாதிரிக் குப்பியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து ஆட்டோவில் ஏறினேன். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பாதி வழியில் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி எதையோ கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார்.

"பெட்டியில என்ன மிஸ், ஐஸ்கிறீமோ?"

"இல்லைங்க."

"அப்ப மீனோ? வெயில்ல வச்சிருக்கக் கூடாது."

"மீனும் இல்லை."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் ஆட்டோ கிளம்பியதும், பெட்டி ஆடாமல் இருக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகம் குறைத்தார். கோட்டைப் பக்கம் மான்கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. கடைசி மான் நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்தது. ஓட்டுநர் ஒலி எழுப்பாமல் காத்திருந்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் மருத்துவர் சிங்களத்தில் பேசினார். எனக்கு முன்பே வந்து காத்திருந்த ரிஸ்வான் தமிழில் சொன்னார்: "மூணு தரம் அனுப்பணுமாம். ஒரு தரம் வளரல்லன்டா இல்லன்னு அர்த்தமில்லையாம்."

"தெரியும்னு சொல்லுங்க," என்றேன். தெரியும்தான்.

அடுத்த நாள் போயா விடுமுறை. பௌர்ணமிக்கு நாடே கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ரிஸ்வான் என்னைக் கிண்ணியாவுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து அந்த நீளமான பாலத்தைக் கடந்தபோது, என் வயதில் இது தேவையா என்று கேட்டுக்கொண்டேன். அவர் மனைவி வைத்திருந்த நண்டுக் கறியைச் சாப்பிட்டபின் தேவைதான் என்று முடிவுசெய்தேன். முருங்கையிலை போட்டு வைத்த குழம்பு. கால்களை உடைத்து உறிஞ்சக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவர் மனைவி சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போனார்.

"உங்கட ஊர்ல இது எப்புடி மிஸ்?" என்று ரிஸ்வான் கேட்டார். நண்டைப் பற்றி அல்ல, கிட்டைப் பற்றி.

"அங்கே இன்னும் மோசம்," என்றேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று ஆய்வுக்கூடங்கள். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் மக்களே வந்து டைஃபாய்டு பாருங்கள் என்பார்கள். மங்கலாக ஏதாவது வந்தால் மாத்திரை. காய்ச்சல் தானாகப் போனாலும் மாத்திரையால் போனது என்பார்கள். காகிதம் கையில் இருந்தால்தான் எல்லோருக்கும் நிம்மதி.

"எனக்கும் அதுதான் மிஸ். 'தெரியா'ன்னு காகிதத்துல அடிச்சுக் குடுத்தா ஆர் இங்க வருவாங்க?" என்றார் அவர்.

மறுநாள் நாங்கள் கிட்டுகளைக் கீழே வலைக்கடைக்காரரின் குளிர்ச்சியான பின்னறைக்கு மாற்றினோம். சமையலறைக் கடிகாரம் ஒன்று வாங்கி மேசையில் வைத்தோம். சூடுபட்டவற்றை எல்லாம் ஒதுக்கிக் கட்டினேன். அறிக்கைத் தாளில் 'பொசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, எந்தக் கோடு வந்தது, அதற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்று தமிழில் நான்கு வரி எழுதினோம். எழுதி முடித்தபோது என் கண்கள் எரிந்தன. விடுதி அறையின் மின்விசிறி, சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் ரிஸ்வானின் கைப்பேசி அடித்தது. சிங்களத்தில் பேசினார். நடுவில் ஒரு பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தக் கிருமியின் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

கைப்பேசியை வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"வளந்திருக்கு மிஸ்," என்றார்.

நான் தவமணி எப்போதும் உட்காரும் கதிரையில் உட்கார்ந்தேன். சிலருக்குக் காய்ச்சல் போனபிறகும் கிருமி பித்தப்பையில் குடியிருக்கும். அவர்களுக்கு வலியோ காய்ச்சலோ இருக்காது. வருடக் கணக்கில் தெரியாமலே சுமப்பார்கள். இதை நான் கல்லூரியில் படித்தேன். புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த முதல் நாள் அது என் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் தள்ளியிருப்பேன். விளம்பரத் தாளில் போட்ட கையெழுத்துக்குப் பரிகாரமாக, அந்தக் கோடு பொய்யாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கோட்டைப் பார்த்து அவசரப்பட்ட ஒப்பந்தக்காரரைத் திட்டிக்கொண்டே, அதே கோட்டைப் பார்த்து நானும் அவசரப்பட்டிருந்தேன்.

சுகாதாரப் பரிசோதகர் முன்னால் தன் மோட்டார் சைக்கிளில் போக, நாங்கள் பின்னால் போனோம். தவமணி வாசலுக்கு வந்தார். மூன்று பேராக வந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வேலிக்கு அப்பால் யாரும் நிற்கும் முன் உள்ளே போய்விடலாம் என்றேன்.

பரிசோதகர்தான் சொன்னார். எளிமையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பழைய நெருப்புக்காய்ச்சலின் கிருமி இன்னும் வயிற்றில் இருக்கிறது. அது தவமணியின் குற்றமல்ல. ஒரு மாதம் மாத்திரை. முடிந்து சில வாரம் கழித்து மூன்று தரம் பரிசோதனை. அதுவரை பிறருக்குச் சமைக்கக் கூடாது. வீட்டுக்காரரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தவமணி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஏமாற்றினாய் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மிஸ், நீங்க சம்பல் சாப்பிட்டனீங்க தானே. கையால பிசைஞ்சது. உங்களுக்கு ஏதும் வந்தா?"

இடியப்பம் ஆவியில் வெந்தது. சொதி கொதித்தது. சம்பல்தான் பச்சை. அதைத்தான் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

"வராதும்மா," என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். "தெரியலைம்மா. மூணு வாரம் பார்த்துக்கறேன். வந்தா மருந்து இருக்கு. நான்தான் உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

அவர் பரிசோதகர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஐயா, அந்த ரெண்டு பெடியளுக்கும் வந்தது என்னாலயா?"

"இருக்கலாம். அங்க தண்ணியும் சரியில்லை. சொல்லத் தெரியாது."

தவமணி குசினி வாசலில் சாய்ந்து நின்றார். அடுப்பில் எதுவும் இல்லை. அங்கிருந்தே பேசினார். "மூண்டு கிழமையா ஒரு கோட்டைக் காட்டிப் போ எண்டு விட்டாங்கள். அதுக்கு என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கோட்டுக்கு மருந்து இல்லைத்தானே. கிருமி எண்டா மருந்து இருக்குது. ஐயா, மாத்திரை எங்க எடுக்கிறது? இண்டைக்கே தருவாங்களா?"

பரிசோதகர் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். தவமணி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். வேலியோரம் முன்வீட்டு அக்கா நின்றிருந்தார். அவரைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. தவமணிதான் நின்று, அவருக்குக் கேட்கும்படி சொன்னார்: "அக்கா, எனக்குக் கிருமி இருக்குதாம். மருந்தெடுக்கப் போறன். நீங்களும் பிள்ளையளும் ஒருக்காப் போய்க் காட்டுங்கோ."

நான் அன்று செய்த வீராப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

சனிக்கிழமை பேருந்து எங்கும் நிற்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் நின்றால் தேவலை என்றிருந்தது.

சென்னையில் இருபத்தொரு நாள் காலையும் மாலையும் வெப்பமானியை வாயில் வைத்தேன். வீட்டில் யாருக்கும் நான் சமைக்கவில்லை. கணவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்; அது ரசமாக இருந்ததா என்பது வேறு விஷயம். காய்ச்சல் வரவில்லை.

அறிக்கையைப் படித்த மேலாளருக்கு முகம் மலர்ந்தது. "கடைசியில நம்ம கிட் கரெக்டாத்தானே மேடம் சொல்லியிருக்கு? இதையே ஒரு நல்ல உதாரணமா விளம்பரத்துல போடலாமே."

"கரெக்டா சொல்லலை சார். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துபோன கதையைச் சொல்லுச்சு. கிருமி இருக்குன்னு சொன்னது ஆஸ்பத்திரியில வளர்த்துப் பார்த்தவங்க. வந்துபோய் நல்லா இருக்கற எத்தனையோ பேருக்கும் இதே கோடு வரும். அவங்களையும் வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. சமையற்காரர் படத்தை எடுக்கணும். காய்ச்சல் இல்லாதவங்களுக்கு இந்தப் பரிசோதனை செய்யக் கூடாதுன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் போடணும். இல்லைன்னா அடுத்த தடவை நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒன்றரை வருடத்தில் போகப் போகிறவள் இவ்வளவு பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. படத்தை எடுக்க இரண்டு மாதமும் ஏழு கூட்டமும் ஆயின. எடுத்தார்கள். சிங்கள வரியை ரிஸ்வான்தான் ஆளைப் பிடித்து எழுதி அனுப்பினார்.

போன வாரம் அவருடைய கைப்பேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது தவமணி. மூன்றாவது மாதிரியிலும் எதுவும் வளரவில்லை. கணவருக்கு முதலிலேயே எதுவும் இல்லை. துறைமுகச் சமையற்கூடத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள், இனிக் கூப்பிடமாட்டார்கள். காய்ச்சல் வந்த இரண்டு தொழிலாளர்களும் தேறிவிட்டார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து வந்ததாகச் சொன்னார். அவர்களிடம் என்ன பேசினார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நாளைக்கு மாவு வறுக்கப் போறன் மிஸ். முன்வீட்டு அக்கா இருவது இடியப்பம் சொல்லியிருக்கிறா."

"நல்ல சேதிம்மா!"

"ஓம். ஆனா அவிக்கேக்க வந்து பக்கத்தில நிண்டு பாப்பாவாம். வரட்டும் மிஸ். ஒரு கதிரை போட்டு வைக்கிறன்."